பூச்சி என்று நினைத்த தவளை: டர்பன் சதுப்பில் ஒரு தேடல்

எங்களுக்கு முன்னால் அந்தச் சதுப்புக்குப் போனவர்கள் எழுதிய கள அறிக்கையில் ஒரே ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "பிக்கர்ஸ்கில் நாணல் தவளை: இல்லை." போனது ஒரே இரவு, ஒன்றரை மணி நேரம், அன்று காற்று பலமாக வீசியது. இந்த மூன்று விவரமும் அதே அறிக்கையின் பின்பக்கத்தில் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு 'குரல் கேட்கவில்லை' என்று எழுதலாம். 'இல்லை' என்று எழுத முடியாது. இரண்டு சொல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு சதுப்பையே மண் கொட்டி மூடிவிடலாம். அதனால்தான் இந்தத் தேடலை முதலிலிருந்து எழுதிவைக்கிறேன்.

இடம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணம், டர்பன் நகரத்தின் விளிம்பு. ஒருபக்கம் கரும்பு, மறுபக்கம் புதிதாக எழும் வீடுகள், நடுவில் ஏழெட்டு ஏக்கர் கோரை. சதுப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் தேடிப்போகிறவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வழக்கம் இது. அரிய உயிர் எங்கே இருக்கிறது என்று எழுதினால், பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

தேடப்பட்ட உயிர்

பிக்கர்ஸ்கில் நாணல் தவளை உலகத்தில் இந்த ஒரு கரையோரத்தில்தான் இருக்கிறது. தெற்கே கிங்ஸ்பர்க் தொடங்கி வடக்கே செயின்ட் லூசியா வரை, கடலிலிருந்து சுமார் 16 கிலோமீட்டருக்குள், துண்டு துண்டாகக் கிடக்கும் சதுப்புகளில் மட்டும். இதைத் தனி இனம் என்று 1982-இல் விவரித்தவர் லின் ரா. அதற்கு ஆதாரமான மாதிரி கிடைத்த இடம் டர்பனுக்கு வடக்கேயுள்ள அவோகா. இன்று அது நகரத்துக்குள் அடங்கிப்போன பகுதி.

முழுதாக வளர்ந்தாலும் 3 சென்டிமீட்டரைத் தொடாத உடம்பு. ஆண் பழுப்பு நிறம், முதுகின் இரண்டு ஓரத்திலும் வெளிறிய கோடு, அதற்குக் கருமையான விளிம்பு. வளர்ந்த பெண் பளிச்சென்ற பச்சை. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தழையில் முட்டையை வழவழப்பான கட்டியாக ஒட்டிவைக்கும். பொரித்ததும் தலைப்பிரட்டைகள் நேராகக் கீழே தண்ணீரில் விழவேண்டும். ஆக, அடர்ந்த தழையும் வேண்டும், அதற்கு நேர் கீழே தண்ணீரும் வேண்டும். யாராவது ஒரு வாய்க்காலை வெட்டி நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்கிவிட்டால் போதும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சதுப்பு பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். தலைப்பிரட்டை விழுவது மட்டும் சேற்றில்.

இந்தக் கரையில் அப்படி வாய்க்கால் வெட்டப்பட்ட சதுப்புகள் ஏராளம். முதல் காரணம் கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரும்புக்காகத்தான். அவர்களிலும் பின்னால் வந்தவர்களிலும் தமிழர்கள் நிறையப் பேர். பள்ளத்தாக்குகள் வடிந்து கரும்புக்காடாக மாறியதில் நம் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது என்பது அங்கே நிற்கும்போது மறக்க முடியாத விஷயம். கரும்புக்கு அப்புறம் நிலத்தடி நீரை உறிஞ்சும் தைலமரத் தோப்புகள், தொழிற்சாலைகள், வீடுகள் என்று வரிசையாக வந்தன.

2010-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்தத் தவளை 'அற்றுப்போகும் மிகக் கடுமையான ஆபத்தில் உள்ளது' என்ற நிலையில் வைக்கப்பட்டது. அதற்கு அடுத்த படி, இயற்கையில் அற்றுப்போனது என்பதுதான். 2016 மதிப்பீட்டில் ஒரு படி மேலே ஏறியது. திடீரென்று தவளைகள் பெருகிவிடவில்லை. இடைப்பட்ட வருடங்களில் ஆட்கள் ராத்திரி ராத்திரியாகச் சதுப்புகளில் நின்று காதுகொடுத்துக் கேட்டார்கள், புதிய இடங்கள் தெரியவந்தன, அவ்வளவுதான். 2017-இல் இதற்கென்று ஒரு மேலாண்மைத் திட்டத்தை அரசு வெளியிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஒரு இருவாழ்விக்கு அப்படி ஒரு திட்டம் வந்தது அதுதான் முதல் தடவை. தேடல் என்பது பொழுதுபோக்குக்கு மேல் என்ன செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த 6 வருடத்தைத்தான் காட்டுவேன்.

முதல் இரவு

அக்டோபர் கடைசி. அங்கே அது வசந்தகாலம், இந்தத் தவளை கத்தும் பருவம். நாங்கள் நான்கு பேர். குழுவை நடத்தியவர் சூலு மொழி பேசும் கள ஆய்வாளர். எல்லோரும் அவரைச் 'சிசி' என்றுதான் கூப்பிட்டோம், அந்த ஊரில் அக்கா என்ற அர்த்தம். என்னை அவர் 'பூட்டி' என்பார், தம்பி மாதிரி.

வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலை பூட்ஸைக் கழுவி மருந்துத் தண்ணீரில் முக்குவது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சையை ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோகிற கால் நம்முடையதாக இருக்கக்கூடாது. பலரும் அவசரத்தில் தவிர்க்கும் வேலை இது. சிசி ஒவ்வொருவர் பூட்ஸின் அடியையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் நகரவிட்டார்.

சுமார் ஆறு மணிக்குச் சூரியன் மறைந்தது. ஏழு மணிக்குச் சதுப்பு முழுக்கச் சத்தம். வண்ண நாணல் தவளைகள்தான் முன்னணி. விசில் ஊதுவது போன்ற குட்டையான, கூர்மையான ஒலி. ஒன்று ஊதினால் இனிமை, நூறு சேர்ந்து ஊதினால் காது வலிக்கும். அதற்கு அடியில் தட்டான் சின்னச் சுத்தியலால் தட்டுவது போல இன்னொரு நாணல் தவளை. வெளிப்பக்கப் புல்லிலிருந்து கஸினா தவளைகள், குடத்துத் தண்ணீரில் பெரிய குமிழ் ஒன்று வெடித்த மாதிரி 'கொய்ப்' என்று. தேரைகளின் கரகரப்பு வேறு.

எங்கள் தவளையோ இந்தக் கூட்டத்திலேயே மெல்லிய குரல்காரன். சில்வண்டு கிறீச்சிடுவது போல ஒரு சின்ன ஒலி, அதுவும் விட்டு விட்டு. அடர்ந்த கோரைக்குள் மறைந்து உட்கார்ந்துதான் கத்தும், காலடி அதிர்ந்தால் நிறுத்திவிடும்.

கரையோரமாகப் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் விளக்கை அணைத்துவிட்டு 5 நிமிடம் அசையாமல் நிற்பது, கேட்ட இனங்களை எழுதிக்கொள்வது. பன்னிரண்டிலும் அது கேட்கவில்லை. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு பதில் வருகிறதா என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. சிசி இரண்டே தடவை செய்தார், ஓரிடத்தில் ஒருமுறை, இன்னோரிடத்தில் ஒருமுறை. திரும்பத் திரும்பப் போட்டால் அங்கிருக்கும் ஆண் தவளை எதிரி வந்துவிட்டதென்று தன் சக்தியை வீணாக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

அன்று மறக்க முடியாதது வேறொன்று. கரை ஓரப் புல்லில் டார்ச் ஒளி பட்டதும் ஏதோ வெளிறி மின்னியது. பக்கத்தில் போனால், குவாசூலு குள்ளப் பச்சோந்தி. புல்தண்டின் நுனியில், வாலைக் கைக்கடிகாரச் சுருள்வில் போலச் சுருட்டி, கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் பழுப்பும் பச்சையுமாகப் புல்லோடு கலந்துவிடும் பிராணி, தூக்கத்தில் நிறம் வெளுத்துச் சுண்ணாம்புத் துண்டாகத் தெரிகிறது. அதனால் பச்சோந்தியைத் தேட ராத்திரிதான் நல்ல நேரம். கால்விரல்கள் இரண்டு கொத்தாகப் பிரிந்து இடுக்கி மாதிரி தண்டைப் பிடித்திருந்தன. மூச்சு விடும்போது விலா மட்டும் அசைந்தது. நுனியில் தூங்கினால் பாம்பு ஏறும்போது தண்டு ஆடும், விழித்துக் கீழே விழுந்து தப்பிக்கலாம் என்றார் சிசி. இது முட்டை இடாது, குட்டி போடும்.

சூலு மக்களிடம் பச்சோந்தியைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. மனிதர்களுக்குச் சாவு இல்லை என்ற சேதியைக் கடவுள் பச்சோந்தியிடம் கொடுத்து அனுப்பினார். அது வழியில் ஆற அமர வந்தது. அப்புறம் சாவு உண்டு என்ற சேதியோடு புறப்பட்ட பல்லி முந்திக்கொண்டது. பச்சோந்தியைப் பார்த்தால் பெரியவர்கள் இன்னும் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே, புல் அசையாமல் படம் எடுத்துவிட்டு விளக்கைத் திருப்பினார் சிசி.

திரும்பும் வழியில் கரும்புப் பாதையின் நடுவில் ஒரு பஃப் ஆடர், தடித்த விரியன் வகை. ஒதுங்கிக்கொள்ள வழிவிட்டு நின்றோம், முனகியபடி நகர்ந்து போனது. இங்கே ராத்திரி நடக்கிறவர்கள் முழங்கால் வரை பூட்ஸ் போடுவதும், விஷத்தைத் துப்பும் மொசாம்பிக் நாகத்துக்காகக் கண்ணாடி அணிவதும் இதனால்தான். வடக்கே செயின்ட் லூசியா பக்கம் போனால் பாம்பு கடைசிக் கவலை. அங்கே தவளைக் குளத்தில் நீர்யானையும் முதலையும் இருக்கும்.

போகாத இரவு

மறுநாள் மாலை காற்று எழுந்தது. கோரை ஒன்றோடொன்று உரசும் சத்தத்திலேயே மெல்லிய குரல் கரைந்துவிடும். சிசி தேடலை ரத்து செய்தார். எனக்கு ஏமாற்றம்தான், ஆனால் இந்த முழு வேலையிலும் மிகச் சரியான முடிவு அது. போயிருந்தால் எங்கள் தாளிலும் ஒரு 'கேட்கவில்லை' கூடியிருக்கும், அதைப் படிக்கிறவர் காற்றைக் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்.

அந்த மாலையில்தான் சதுப்பின் ஓரத்து வீட்டில் இருக்கும் பெரியவரோடு பேச வாய்த்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய முன்னோர் கரும்புக்காக வந்த தமிழர்கள். டர்பன் இந்தியர்கள் வழக்கப்படி நானும் அங்கிள் என்றேன். அவருக்குத் தமிழ் பேச வராது. தாத்தா, பாட்டி போன்ற உறவுப்பெயர்களும் சில சாமி பாட்டுகளும் மட்டும் மிச்சம். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

தவளையைத் தேடி வந்தோம் என்றதும், "தவளைச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம், இதில் எந்தத் தவளை?" என்று கேட்டார். சிசி செல்போனில் குரலைப் போட்டுக் காட்டவில்லை. அதற்குப் பதிலாக, மழை விட்ட ராத்திரியில் இந்தச் சதுப்பில் என்னென்ன கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார். குரலை முதலில் கேட்கவிட்டால் எவருக்கும் 'ஆமாம், இதுதான்' என்று தோன்றிவிடும்.

அங்கிள் நிறையச் சொன்னார். கடைசியில் போகிற போக்கில், "அந்த மூலையில் கோரை ரொம்ப அடர்த்தி. அங்கே ஒரு பூச்சி இருக்கிறது. மற்றதெல்லாம் கொஞ்சம் ஓய்ந்தால் கத்தும். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை" என்றார்.

சிசி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மூலை எங்கள் பன்னிரண்டு இடங்களில் ஒன்றாக இல்லை. கரையிலிருந்து அங்கே போகப் பாதை கிடையாது என்று விட்டிருந்தோம். முன் அறிக்கைக்காரர்களும் அப்படித்தான் விட்டிருப்பார்கள்.

காற்று அடங்கும் முன்னாலேயே போய், அந்த மூலையின் விளிம்பில் ஒரு தானியங்கி ஒலிப்பதிவுக் கருவியைக் கம்பத்தில் கட்டிவிட்டு வந்தோம். சூரியன் மறைந்ததிலிருந்து நள்ளிரவு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் பதியும்படி வைத்தோம்.

மழைக்கு அப்புறம்

மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை, மாலையில் விட்டது. காற்றே இல்லை. முந்தைய ராத்திரிப் பதிவை மடிக்கணினியில், ஒலியைக் கோடுகளாகக் காட்டும் படமாக விரித்துப் பார்த்தபோது, காற்றின் சாம்பல் பூச்சுக்கு நடுவே மூன்று இடத்தில் மட்டும் நூல் போன்ற கீற்றுகள் தெரிந்தன. சில்வண்டாகவும் இருக்கலாம். சில்வண்டு சீரான இடைவெளியில் கத்தும், இது அப்படி இல்லை என்பதுதான் ஒரே நம்பிக்கை.

கோரையை மிதித்து உள்ளே போகக்கூடாது என்பது முன்கூட்டியே பேசிய விதி. முட்டைக் கட்டிகள் அந்தத் தழையில்தான் இருக்கும், நம் ஒரு காலடியில் ஒரு தலைமுறை போகலாம். மாடு தண்ணீர் குடிக்க வந்துபோன பழைய தடம் ஒன்று மூலைக்குப் பக்கம் வரை போனது. அதன் வழியே இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, மூலையின் இரண்டு பக்கத்தில் நின்றோம். முழங்கால் அளவு தண்ணீர். விளக்கை அணைத்தோம்.

பத்து நிமிடம் ஒன்றுமில்லை. கொசு மட்டும். ஒரு விமானம் தாழப் பறந்து போனது. இங்கே அதுவும் ஒரு விஷயம். 2010-இல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்துக்கு அருகில் மவுண்ட் மோர்லாந்து என்ற இடத்தில் இதே தவளை இருக்கிறது. விமானம் கடக்கும்போது அதன் கத்தல் மாறுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்து 2016-இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே மெல்லிய குரல், அதன் மேல் இத்தனை இரைச்சல்.

இரைச்சல் அடங்கிய கொஞ்ச நேரத்தில் கேட்டது. 'ச்சிர்ர்.' நகத்தால் சீப்பின் பல்லை ஒருமுறை வருடிய மாதிரி. பிறகு நீண்ட அமைதி. மறுபடியும் ஒன்று, கொஞ்சம் வலதுபக்கம்.

யாரும் பேசவில்லை. சத்தம் வந்த திசையில் ஒவ்வொருவரும் கையை நீட்டிப் பிடித்தோம். ஒரு பக்கத்து ஆளின் கையும் மறுபக்கத்து ஆளின் கையும் காட்டும் கோடுகள் எங்கே வெட்டுகின்றனவோ அங்கேதான் தவளை. சின்ன உயிரை இருட்டில் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஐந்து தடவை கத்தும்வரை காத்திருந்து கோடுகளைச் சரிசெய்தபின், சிசி சிவப்பு விளக்கைப் போட்டார்.

கோரைத் தண்டு ஒன்றில், தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே, தலை மேல்நோக்கி உட்கார்ந்திருந்தது. கோரையின் காய்ந்த இலைக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. அந்த வெளிறிய கோடு மட்டும் மூக்குப் பக்கத்திலிருந்து கண்ணைத் தாண்டி முதுகோரமாக ஓடியது. விளக்குப் பட்டதும் உடம்பைத் தண்டோடு ஒட்டிக்கொண்டது. தொண்டைப் பை பாதி சுருங்கி, நனைந்த வெங்காயச் சருகு போல மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நாங்கள் அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும், பை மெல்லப் புடைத்தது, விளக்கு வெளிச்சம் அதற்குள் ஊடுருவிச் சிவப்பாகத் தெரிந்தது, 'ச்சிர்ர்.' இவ்வளவு பக்கத்தில் கேட்டும் அது மெல்லிய சத்தம்தான்.

பிடிக்கவில்லை. இந்த மாகாணத்தில் தவளையைப் பிடிக்க எஸெம்வெலோ வனவுயிர்த் துறையின் அனுமதி வேண்டும். அது இருந்தாலும் அன்று பிடிக்கத் தேவை இல்லை. படமும் ஒலிப்பதிவும் ஆதாரத்துக்குப் போதும். இரவு பத்தரைக்குள் அந்த மூலையிலிருந்து நான்கு ஆண்களின் குரலைத் தனித்தனியாகப் பிரித்து எண்ண முடிந்தது. பெண் ஒன்றும் கண்ணில் படவில்லை.

இதிலிருந்து தெரிவது

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். தவளை இருக்கிற சதுப்பில் ஒரு இரவு போனால் அது காதில் விழ 100-க்கு 30 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உண்மையான எண் இடத்துக்கு இடம் மாறும், இது புரிவதற்காக. ஒரே இரவு போய்த் திரும்பினால், இருந்தும் தவறவிடும் வாய்ப்பு 70. மூன்று இரவு போனால் 34. ஆறு இரவு போனால் 12. ஒன்பது இரவு போனபிறகுதான் 4-க்கு இறங்கும். ஒரு இரவில் எழுதிய 'இல்லை'க்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதை இதிலேயே பார்க்கலாம். வண்ண நாணல் தவளை போலக் கூவும் உயிருக்கு ஒரு இரவு போதும். மெல்லிய குரல்காரனுக்கும் அதே ஒரு இரவைக் கொடுப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

நாங்களும் முதல் இரவில் பாதை இருந்த இடங்களில் மட்டும் நின்றோம். தவளையோ பாதை இல்லாததால்தான் அந்த மூலையில் மிஞ்சியிருந்தது. நடக்கச் சுலபமான இடமும் அரிய உயிர் இருக்கும் இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். நிற்கும் இடங்களைக் குறிக்கும்போதே மிகக் கஷ்டமான மூலைகளை முதலில் குறிக்கவேண்டும் என்று இப்போது எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

எங்கள் முடிவுக்கும் எல்லை உண்டு. நான்கு ஆண் கத்தியது என்றால் நான்கு ஆண் கத்தியது, அவ்வளவே. பெண்கள் எத்தனை, முட்டை பொரித்து எத்தனை தேறுகின்றன என்பதற்கு அது பதில் ஆகாது. மவுண்ட் மோர்லாந்தில் 2018-இல் ஜோகன்னஸ்பர்க் விலங்குக் காட்சிச்சாலையில் வளர்த்த தவளைகளை விட்டார்கள். அப்படி விடுவதற்கும் கோரையும் தண்ணீரும் சேர்ந்த இடம் வேண்டும். இந்த மூலைக்குப் பக்கத்திலேயே பழைய கரும்பு வாய்க்கால் ஒன்று இன்னும் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை அடைத்தால் கோரை இன்னும் முப்பது நாற்பது அடி விரியும் என்பது சிசியின் மதிப்பீடு. புதிய அறிக்கையில் தவளையின் பெயருக்கு எதிரே 'இருக்கிறது, குறைந்தது 4 ஆண்' என்று எழுதி, அதற்குக் கீழே வாய்க்காலை அடைக்கும் கோரிக்கையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அங்கிள் வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினோம். இந்தமுறை முன்னறிவிப்பு எதுவும் சொல்லவில்லை. முதல் 'ச்சிர்ர்' வந்ததும், "அதுதான் என் பூச்சி" என்றார். சிசி படத்தை நீட்டினார். அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய், அந்த மூலையில் வாய்க்காலை அடைக்க ஆள் தேவைப்பட்டால் தன் இரண்டு பேரன்களும் சனிக்கிழமைகளில் சும்மாதான் இருக்கிறார்கள் என்றார்.